மேரி கோல்வின் வாழ்க்கை வரலாறு: தாராளமாக வாங்கலாம்

லிண்ட்சி ஹில்சம் எழுதிய 'இன் எக்ஸ்ட்ரீமிஸ்', 2018-இல் வந்த புத்தகம். சண்டே டைம்ஸ் பத்திரிகையின் போர்முனை நிருபர் மேரி கோல்வினின் வாழ்க்கைக் கதை. எழுதியவரும் சேனல் 4 செய்திக்காகப் போர் நடக்கும் நாடுகளுக்குப் போய் வருகிறவர்தான், மேரியை நேரில் தெரிந்தவர், அவருடைய டைரிகளையும் படித்திருக்கிறார், அதனால் மேரி இதில் சிலையாக நிற்கவில்லை, மனுஷியாக நடமாடுகிறார். எங்கள் ஊரான மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை, இணையத்தில்தான் வாங்கினேன். அச்செழுத்து கொஞ்சம் பொடி.

நம் ஆட்கள் முதலில் தேடிப் படிக்கப்போவது, இலங்கையில் புலிகள் கையில் இருந்த வன்னியைப் பற்றிய பகுதியைத்தான். ஏப்ரல் 2001, வெளிநாட்டு நிருபர்களை இலங்கை அரசாங்கம் உள்ளே விடாத காலம். மேரி மறைவாகப் புகுந்து போய் புலிகளின் அரசியல் பொறுப்பாளர் தமிழ்ச்செல்வனைப் பேட்டி எடுக்கிறார், மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் தவிக்கும் சனங்களைப் பார்க்கிறார். திரும்பும் வழியில் ராணுவம் சுடுகிறது, தான் ஒரு நிருபர் என்று கத்திச் சொன்ன பிறகும் ஒரு குண்டு வந்து வெடிக்கிறது. இடது கண் போய்விட்டது. அந்தக் காயத்தோடேயே 3,000 சொல் கட்டுரையைக் குறித்த நேரத்துக்குள் கொடுத்துவிட்டார். படங்களில் பார்க்கிறோமே, அந்தக் கறுப்புக் கண்பட்டி, அது வன்னியில் வந்தது.

2009 மே மாதம், போர் முடியும் நேரத்தில், புலிகளின் அரசியல் தலைவர்களான நடேசனும் புலித்தேவனும் சரணடைய வழி கேட்டுத் தொடர்புகொண்டது இவரைத்தான். இவர் ஐ.நா. அதிகாரி விஜய் நம்பியாரிடம் பேசினார், வெள்ளைக்கொடி பிடித்து வந்தால் ஆபத்தில்லை என்ற உத்தரவாதமும் வந்தது, ஆனால் அவர்கள் உயிரோடு திரும்பவில்லை. அந்த நாட்களில் எங்கள் ஊரில் எத்தனை பேர் தொலைக்காட்சி முன்னால் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும்.

இந்தப் புத்தகம் தோட்டத்து ஆட்களுக்கு ஏன் முக்கியம் என்று நினைக்கிறேன் தெரியுமா? 1948 ஜூன் 16-இல் இதே சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக ஆங்கிலேயர் அறிவித்த அவசரகாலமே அதிலிருந்துதான் தொடங்கியது, அவர்கள் பெயர் இன்றைக்கும் வரலாற்றுப் புத்தகங்களில் இருக்கிறது. அதற்குச் சில வருஷம் முன்னால் தோட்டம் தோட்டமாக நம் சனங்களை ஜப்பான்காரன் சயாம் மரண ரயில் பாதை போட அள்ளிக்கொண்டு போனான், ஆயிரக்கணக்கில் காட்டிலேயே செத்தார்கள், பாதிப் பேருக்குப் பெயர்கூட எங்கும் பதிவாகவில்லை. பக்கத்தில் நின்று எழுத ஓர் ஆள் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை மேரியின் வாழ்க்கை காட்டுகிறது. 1999-இல் கிழக்குத் திமோரின் டிலி நகரில், ஐ.நா. வளாகத்தில் ஏறக்குறைய 1,500 பெண்களும் குழந்தைகளும் மாட்டிக்கொண்டபோது மற்ற நிருபர்கள் பெரும்பாலும் கிளம்பிவிட்டார்கள், மேரி அங்கேயே தங்கி எழுதிக்கொண்டே இருந்தார், கடைசியில் அவர்களை வெளியேற்றிக் காப்பாற்றினார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

குறையும் உண்டு. லண்டன் விருந்துகள், காதல்கள், கல்யாணங்கள் எல்லாம் நீளமாகப் போகின்றன, பல பக்கங்களை நான் வேகமாகத் தள்ளினேன். ஆனால் அவருடைய குடியையும், போர் மனசில் விட்டுப்போன காயத்தையும் சொல்லும் பகுதிகளைத் தள்ளாதீர்கள். அவ்வளவு உடைந்த பிறகும் திரும்பத் திரும்ப ஏன் போனார் என்பது அங்கேதான் புரிகிறது. ஈழத்துப் பின்னணியை இன்னும் விரிவாகச் சொல்லியிருக்கலாம், நமக்குப் போதாது.

சிரியாவின் ஹோம்ஸ் நகரம் வரும் இடத்தில் என்னால் புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை. பாபா அமர் பகுதிக்குள் சுரங்கக் குழாய் வழியாக நுழைகிறார், ஒரு தடவை வெளியே வந்தும் மறுபடி உள்ளே போகிறார், ஒரு குழந்தை சாவதைக் கண்ணால் பார்த்து உலகத் தொலைக்காட்சிகளுக்குச் சொல்கிறார், மறுநாள் 2012 பிப்ரவரி 22 காலையில் பீரங்கித் தாக்குதலில் இறக்கிறார், கூடவே பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ரெமி ஓஷ்லிக்கும். இதற்கு சிரியா அரசே பொறுப்பு, 30 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு தர வேண்டும் என்று அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2019-இல், புத்தகம் வந்த பிறகு.

ஆங்கிலம் கடினமில்லை, இடைநிலைப்பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்த பிள்ளைகள் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்துவிடலாம். சரி, எங்கே தொடங்குவது என்று கேட்டால், முதலில் வன்னி, அடுத்து திமோர், அப்புறம் முதல் பக்கத்திலிருந்து.