டெர்மினலில் ஜப்பானியத் தட்டச்சு: சில வருடப் புழக்கத்துக்குப் பிறகு

லினக்ஸில் ஜப்பானியம் அடிப்பது இன்று பெரிய வித்தை இல்லை. உள்ளீட்டு முறைகளை நிர்வகிக்கும் எஃப்சிட்டிக்ஸ் 5, கூடவே ரோமன் எழுத்தை ஜப்பானியமாக மாற்றும் மோஸ்க், இரண்டையும் நிறுவிவிட்டால் பிரௌசரிலும் லிப்ரே ஆபிஸிலும் ஓடிவிடும். கட்டளைகளை அடிக்கும் ஜன்னலான டெர்மினலைத் திறந்த பிறகுதான் வேடிக்கை ஆரம்பிக்கும். நான் ஒரு ஜப்பானிய வாடிக்கையாளரின் சர்வர்களோடு மல்லுக்கட்டுகிறவன். கமிட் குறிப்பு, கோப்புப் பெயர், லாக்கில் தேடும் சொல் எல்லாமே அவர்கள் மொழியில்தான் வரும். எக்ஸ்டெர்ம், எம்எல்டெர்ம், கிட்டி, அலாக்ரிட்டி என்று பல டெர்மினல் நிரல்களை மாறிமாறிப் பயன்படுத்தியிருக்கிறேன். எந்த டெர்மினல் சிறந்தது என்று இதில் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. பழுது எங்கே என்று கண்டுபிடிக்கத் தெரிந்தால் எதை வைத்தும் ஓட்டிவிடலாம்.

"ஜப்பானியம் வரவில்லை" என்று யாராவது சொன்னால் நான் முதலில் செய்யச் சொல்வது ஒன்றுதான்: வெறும் 'கேட்' கட்டளையை அடித்து என்டர் தட்டுங்கள். அடிப்பதை அது அப்படியே திருப்பிக் காட்டும். கட்டளைகளை வாங்கும் பாஷும், அதன் வரியைத் திருத்த உதவும் ரீட்லைனும், எடிட்டரான விம்மும் இப்போது வழியில் இல்லை. 'நிஹோங்கோ' என்று ரோமன் எழுத்தில் அடித்துப் பாருங்கள். அடிக்கோட்டோடு ஹிரகானா என்ற ஜப்பானிய ஒலியெழுத்துகளே தோன்றவில்லை என்றால், உள்ளீட்டு முறைக்கும் டெர்மினலுக்கும் இடையே இணைப்பு இல்லை. தோன்றி, சீன வழி எழுத்தான காஞ்சியாக மாறி, என்டர் தட்டியதும் கேள்விக்குறிகளாகப் போனால், மொழியையும் எழுத்துக் குறியேற்றத்தையும் சொல்லும் லோக்கேல் அமைப்பில் பிரச்சினை. கேட்டில் ஒழுங்காக வந்து வேறு எங்கோ உதைத்தால், அந்த நிரலைத்தான் பிடிக்க வேண்டும். இந்தப் பிரிப்பைச் செய்யாமல் கண்ட கட்டமைப்புக் கோப்பையெல்லாம் திருத்துகிறவர்கள் கடைசியில் எது வேலை செய்தது என்றே தெரியாமல் நிற்பார்கள்.

முதல் வகைதான் அதிகம். எக்ஸ்டெர்முக்கு எக்ஸ்ஐஎம் என்ற பழைய நெறிமுறை மட்டுமே தெரியும். எக்ஸ்மாடிஃபையர்ஸ் என்ற சூழல் மாறியில் எஃப்சிட்டிக்ஸின் பெயர் இருந்தால்தான் அது பேசும். குனோம் டெர்மினலுக்கோ ஜிடிகே என்ற வரைகலை நூலகம் வழி தனிப் பாதை. ஒன்றில் அடிக்க முடிந்து இன்னொன்றில் முடியாமல் போவதற்கு இதுதான் காரணம். எஃப்சிட்டிக்ஸுக்குப் பதில் ஐபஸ் வைத்திருப்பவர்கள் அதன் டெமனை (பின்னணி நிரலை) எக்ஸ்ஐஎம் விருப்பத்தோடு தொடங்கியிருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். கிட்டி இன்னும் விசித்திரம். எக்ஸ்11 திரை அமைப்பில் அதற்கு ஜிஎல்எஃப்டபிள்யூ என்ற நூலகத்தின் தனி மாறி உண்டு, அதில் 'ஐபஸ்' என்று எழுத வேண்டும். எஃப்சிட்டிக்ஸ் ஓட்டினாலும் 'ஐபஸ்' என்றுதான். எஃப்சிட்டிக்ஸ் ஐபஸ் வேஷம் போட்டுக்கொண்டு அதற்குப் பதில் சொல்லும். அலாக்ரிட்டியில் 2022-இல் வந்த 0.11 பதிப்பிலிருந்து, அடிக்கும் எழுத்து கர்சர் இருக்கும் இடத்திலேயே தெரிகிறது. அதற்கு முந்தைய பதிப்பை வைத்துக்கொண்டு யாரும் போராட வேண்டாம்.

இந்த மாறிகளை, பாஷ் தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி கோப்பில் போட்டுப் பயனில்லை. டெர்மினல் பிறந்த பிறகுதான் பாஷ் பிறக்கிறது. டெர்மினலுக்கு வேண்டியது அதற்கு முன்பே, டெஸ்க்டாப் அமர்வு தொடங்கும் இடத்தில், இருந்தாக வேண்டும். லோக்கேலும் அப்படியே. எழுத்துக் குறியேற்றத்தைச் சொல்லும் எல்சி-சிடைப் மாறி யூடிஎஃப்-8 ஆக இருந்தால் போதும், ஜப்பானிய லோக்கேலாகவே இருக்க வேண்டும் என்றில்லை. நான் மெனுக்களை ஆங்கிலத்திலேயே வைத்திருக்கிறேன்.

அடுத்தது, தொலைவிலுள்ள சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச். உங்கள் கணினியில் ஜப்பானிய லோக்கேல் வைத்திருந்தால் பல விநியோகங்களில் எஸ்எஸ்எச் அதையும் சேர்த்து எதிர்ப்பக்கம் அனுப்பும். அங்கே அந்த லோக்கேல் உருவாக்கப்படவில்லை என்றால், பாஷ் ஒரு வரி எச்சரித்துவிட்டு, ஆங்கில எழுத்து மட்டுமே தெரிந்த 'சி' லோக்கேலுக்கு இறங்கிவிடும். அப்புறம் கோப்பைப் பக்கம் பக்கமாகக் காட்டும் 'லெஸ்'ஸில் ஜப்பானியம் எல்லாம் கோண அடைப்புக்குள் பதினறும எண்களாகத் தெரியும், ஒரே ஜன்னலில் பல அமர்வுகளை நடத்தும் டிமக்ஸில் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் அடிக்கோடுகள் நிற்கும். டிமக்ஸை யு விருப்பத்தோடு தொடங்கினால் டிமக்ஸ் மட்டும் சரியாகும். முழுத் தீர்வு எதிர்ப்பக்கத்தில் லோக்கேல் உருவாக்குவது, அல்லது எந்த மொழியையும் சாராத சி.யூடிஎஃப்-8-ஐ வைப்பது. வாடிக்கையாளரின் சர்வரில் எதையும் நிறுவ அனுமதி இல்லாதவர்களுக்கு இரண்டாவதுதான் வழி.

பேக்ஸ்பேஸ் விவகாரத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். ஒரு ஹிரகானா எழுத்து யூடிஎஃப்-8-இல் 3 பைட். கேட் மாதிரி நேரடியாக வரி வாங்கும் இடங்களில் அழிக்கும் வேலையைச் செய்வது லினக்ஸின் மையமான கெர்னல். எஸ்டிடிஒய் கட்டளையால் மாற்றும் 'ஐயூடிஎஃப்8' என்ற அமைப்பு அணைந்திருந்தால் ஒரு பேக்ஸ்பேஸுக்கு ஒரு பைட் மட்டும் போகும், மீதி 2 பைட் குப்பையாக உள்ளே கிடக்கும். அமைப்பு போட்டிருந்தால் எழுத்து முழுசாகப் போகும். ஆனால் அது திரையில் 2 கட்டம் பிடித்திருக்கும் என்பது கெர்னலுக்குத் தெரியாது. ஒரு கட்டம் மட்டுமே பின்னால் வரும். அழிந்துவிட்டதா இல்லையா என்று குழம்பி இன்னொரு முறை தட்டுவோம், பக்கத்து எழுத்தும் போய்விடும். பாஷ் வரியில் இது நடக்காது, அங்கே ரீட்லைன் அகலத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஸ்கிரிப்டுக்குள் 'ரீட்' கட்டளையால் பெயர் கேட்கும் இடங்களில்தான் கடிக்கும். அங்கே இ விருப்பத்தைச் சேர்த்தால் ரீட்லைன் உள்ளே வந்துவிடும், பிரச்சினை தீர்ந்தது.

அகலத்தில் இன்னொரு வம்பு. காஞ்சியும் கானாவும் (ஹிரகானா போன்ற ஒலியெழுத்துகள்) 2 கட்டம் என்பதில் எல்லோருக்கும் உடன்பாடு. ஆனால் வட்டம், முக்கோணம், வட்டத்துக்குள் எண், ஜப்பானியர்கள் அடிக்குறிப்புக்குப் போடும் 'கொமே' குறி போன்றவற்றின் அகலத்தை யூனிகோட் 'தெளிவற்றது' என்று விட்டுவிட்டது. பழைய ஜப்பானியக் குறியேற்றங்களில் இவை 2 கட்டமாக வாழ்ந்தவை. டெர்மினல் 2 என்றும் விம் 1 என்றும் நினைத்தால் கர்சர் ஒரு கட்டம் தள்ளி நிற்கும், அந்த வரியில் செய்யும் திருத்தமெல்லாம் கோணலாகும். எக்ஸ்டெர்மில் இவற்றை அகலமாக்க ஒரு விருப்பம் உண்டு, விம்மில் 'ஆம்பிவிட்த்' உண்டு, குனோம் டெர்மினலில் சுயவிவர அமைப்பில் உண்டு. அகலமாக்கினால் கொமே குறி அழகாக இருக்கும், ஆனால் டிமக்ஸின் பெட்டிக் கோடுகளும் அதே தெளிவற்ற கூட்டத்தைச் சேர்ந்தவை, அவை சிதறும். எல்லா இடத்திலும் 1 என்றே வைத்துவிட்டேன். குறி கொஞ்சம் நசுங்கித் தெரியும், தெரியட்டும். தமிழோடு ஒப்பிட்டால் இதெல்லாம் சொகுசு. 'கொ' எத்தனை கட்டம் என்று டெர்மினலிடம் கேட்டுப் பாருங்கள்.

கோப்புப் பெயரில் ஒரு பொறி: பழைய மேக் வட்டுகளிலிருந்து வரும் பெயர்களில் 'ga' ஒலியைக் குறிக்கும் எழுத்து, 'ka' என்ற அடிப்படை எழுத்தும் ஒலிப்புக் குறியும் என்று தனித்தனியாகப் பிரிந்திருக்கும். பார்க்க ஒரே மாதிரி, தேடினால் கிடைக்காது. பெயர்களின் குறியேற்றத்தை மாற்றும் கான்வ்எம்வி-யை, பிரிந்ததை ஒன்றாக்கும் என்எஃப்சி விருப்பத்தோடு ஓட்டினால் சரியாகும்.

இதெல்லாம் ஒரு முறை சரிசெய்தால் முடிந்துபோகும் வேலை. தினமும் படுத்துவது வேறு: ஜப்பானியத்தை வரவழைப்பதைவிட, வேண்டாதபோது நிறுத்துவதுதான் கஷ்டம். விம்மில் ஒரு குறிப்பு எழுதிவிட்டு எஸ்கேப் தட்டுகிறோம். விம் கட்டளை வாங்கும் நார்மல் நிலைக்குப் போய்விட்டது, மோஸ்க் போகவில்லை. வரியை அழிக்க 'டிடி' அடித்தால், சின்ன 'த்சு' எழுத்தும் அதன் பின்னால் ஒரு டி-யும் அடிக்கோட்டோடு வந்து நிற்கும். உள்ளூரில் ஓடும் விம்மில், எழுதும் இன்சர்ட் நிலையை விட்டு விலகும்போது எஃப்சிட்டிக்ஸை அணைக்கச் சொல்லி, தானாக ஓடும் ஒரு ஆட்டோகமாண்ட் எழுதலாம், அருமையாக வேலை செய்யும். எஸ்எஸ்எச் வழியாகப் போனால் விம் அங்கே, எஃப்சிட்டிக்ஸ் இங்கே. அந்தக் கட்டளை யாருக்கும் கேட்காது. அதற்காக மோஸ்கின் விசை அமைப்பில், எதுவும் அடிக்காமல் காத்திருக்கும் நிலையில் எஸ்கேப் வந்தால் அணைந்துவிடு என்று வைத்திருக்கிறேன். எஸ்கேப்பை இரண்டு முறை தட்டுவது கைப்பழக்கமாகிவிட்டது. விம்முக்குக் கூடுதல் எஸ்கேப்பால் கெடுதல் ஒன்றுமில்லை.

பெரிய நிம்மதி தந்தது, ஒரே விசையில் மாற்றுவதைக் கைவிட்டதுதான். எஃப்சிட்டிக்ஸின் இயல்பான கன்ட்ரோல்-ஸ்பேஸ் ஈமாக்ஸ் எடிட்டரில் குறியிடும் விசையோடு மோதும். அதைவிட முக்கியம், இப்போது எந்த நிலையில் இருக்கிறோம் என்று நினைவில் வைத்தால்தான் அப்படிப்பட்ட விசை பயன்படும். ஜப்பானிய விசைப்பலகையில் ஸ்பேஸுக்கு இருபக்கமும் முஹென்கான், ஹென்கான் என்று இரண்டு விசைகள் உண்டு. இடது அணைக்க, வலது போட. எஃப்சிட்டிக்ஸில் இரண்டையும் தனித்தனியாக ஒதுக்க முடிகிறது. சந்தேகம் வந்தால் இடதைத் தட்டு, ஏற்கெனவே அணைந்திருந்தால் ஒன்றும் ஆகாது.

எஸ்கேகே என்ற இன்னொரு ஜப்பானிய உள்ளீட்டு முறையையும் முயன்று பார்த்தேன். 1987-இல் சாதோ மசாஹிகோ ஈமாக்ஸுக்காக எழுதியது. எங்கே காஞ்சி தொடங்குகிறது என்பதை ஷிஃப்ட் விசையால் நாமே சொல்ல வேண்டும், வாக்கியத்தை அது ஊகிக்காது. கமிட் குறிப்பு மாதிரி துண்டு துண்டாக எழுத மோஸ்கைவிட இதுவே வேகம். விம், ஈமாக்ஸ் இரண்டுக்குள்ளும் சர்வர் பக்கத்திலேயே ஓடுவதால் எஸ்எஸ்எச் தொல்லையும் இல்லை. ஆனால் அதை எழுப்பும் கன்ட்ரோல்-ஜே டெர்மினலில் என்டருக்குச் சமம். பாஷ் வரியில் தெரியாமல் தட்டினால் பாதிக் கட்டளை ஓடிவிடும். எடிட்டருக்குள் மட்டும் எஸ்கேகே, வெளியே மோஸ்க் என்று பிரித்துக்கொண்டேன்.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. எஃப்சிட்டிக்ஸை மறுதொடக்கம் செய்தால், ஏற்கெனவே திறந்திருக்கும் எக்ஸ்டெர்ம் ஜன்னல்கள் என் கணினியில் பல நேரம் தொடர்பை இழந்துவிடுகின்றன. புது ஜன்னல் திறந்து டிமக்ஸ் அமர்வை அதில் இணைத்துக்கொண்டு, பழையதை மூடிவிடுகிறேன்.