படகு மோட்டார் ஆற்றில் நின்று போகிறதா? பட்டறைக்குப் போகும் முன் படியுங்கள்

மலேசியாவின் நிபோங் திபாலிலும் கிரியான் ஆற்றுக்கு அக்கரையில் பாரிட் புந்தாரிலும் பழைய படகு மோட்டார் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தேவையில்லாத வேலைக்கும் செய்யாத வேலைக்குமாக நான் 800 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து ஏமாந்தேன். பணம் போனதைவிட, என் மகனை வைத்துக்கொண்டு இருட்டில் ஆற்றில் மாட்டிக்கொண்டதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மோட்டார் அப்பாவுடையது. 15 குதிரைத்திறன், இரண்டு சிலிண்டர், பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஓட்டும் டூ ஸ்ட்ரோக் வகை. அப்பா தோட்டத்தில் முதலில் பால்வெட்டினார், ரப்பர் போய்ச் செம்பனை வந்தபின் குலை வெட்டினார். ஓய்வு பெற்றதும் ஊழியர் சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, 2003-இல் ஒரு பைபர் படகையும் இந்த மோட்டாரையும் பழையதாக வாங்கினார். கிரியான் ஆற்றில் ஊடாங் காலா என்னும் பெரிய ஆற்று இறாலுக்குத் தூண்டில் போடுவதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இல்லை. மோட்டாரைத் தன் கையாலேயே தூரிகை பிடித்து நீலச் சாயம் அடித்து வைத்திருந்தார். அந்தச் சாயத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சென்ற ஆண்டு பழுது தொடங்கியது. காலையில் இரண்டு இழுப்பில் மோட்டார் கிளம்பும். மெதுவாகப் போனால் ஒரு குறையும் இல்லை. கைப்பிடியை முழுதாக முறுக்கி ஐந்து நிமிடம் ஓட்டினால் மூச்சுத் திணறுவது போல வேகம் குறைந்து நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து இழுத்தால் மறுபடியும் கிளம்பும்.

பட்டறைக்குக் கொண்டு போனேன். பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரில் அடைப்பு என்றார்கள். கழுவி, இரண்டு பிளக் மாற்றி, 180 வெள்ளி. தண்ணீர் நிரப்பிய டிரம்மில் மோட்டாரை இறக்கி இரண்டு நிமிடம் ஓட்டிக் காட்டினார்கள். அருமையாக ஓடியது. ஆற்றில் இறக்கிய அன்றே நின்றது. திரும்பப் போனேன். "சூடானதும் நிற்கிறது என்றால் காயில்தான் அண்ணே, கூடவே சி.டி.ஐ. பெட்டியும் போயிருக்கும்" என்றார் அங்கிருந்தவர். இரண்டும் பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கும் மின் பாகங்கள். சூட்டில் காயில் கெட்டுப் போவது உண்மையில் நடக்கக்கூடியதுதான். அதனால் நம்பினேன். 620 வெள்ளி. மறுபடியும் டிரம், மறுபடியும் இரண்டு நிமிடம். பழைய பாகங்களைக் கேட்டேன். குப்பையில் போட்டுவிட்டோம் என்றார்கள்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை, ஒன்பது வயது மகனோடு மின்மினி பார்க்கப் போனேன். ஆற்றோரத்துப் பெரம்பாங் மரங்களில் அவை மின்னத் தொடங்கும் நேரத்தில் மோட்டார் நின்றது. வற்றுநீர் படகைக் கடல் பக்கம் இழுத்தது. துடுப்பு ஒன்றுதான் இருந்தது. கரையோர நிப்பா பனை மட்டைகளைப் பிடித்துப் பிடித்துக் கரை ஓரமாகவே வந்தோம். வீடு சேர இரவு பத்து மணி. பையன் அழவில்லை, என் சட்டையை மட்டும் விடவே இல்லை.

திங்கட்கிழமை பட்டறையில் கேட்டது மூன்றாவது கதை. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் இறுக்கும் அழுத்தம், போய்விட்டது, இஞ்சினைப் பிரித்து பிஸ்டன் மாற்ற வேண்டும், 1,900 வெள்ளி. அளவி வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். கயிற்றை இழுத்தாலே தெரியும் என்றார்கள். மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

என் தாய்மாமா செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரைக் கூட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போனேன். அவர் எந்தக் கருவியும் எடுக்கவில்லை. பெட்ரோல் குழாயின் நடுவில் இருக்கும் ரப்பர் பந்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "முழு வேகத்தில் விடு மாப்பிள்ளை" என்றார். ஐந்து நிமிடத்தில் மோட்டார் திணறத் தொடங்கியது. பந்தைக் கையால் அமுக்கினார். மோட்டார் சட்டென்று உயிர் பெற்றுப் பாய்ந்தது. கையை எடுத்தார், சோர்ந்தது. அமுக்கினார், பாய்ந்தது. "காயில் கெட்டிருந்தால் பந்தை அமுக்கியா சரியாகும்? இதற்குப் பெட்ரோல் போதவில்லை" என்றார். அமுக்கும்போது நன்றாக ஓடியதால் கார்புரேட்டரில் அடைப்பு இல்லை என்பதும் அங்கேயே தெரிந்துவிட்டது.

டிரம்மில் ஏன் நன்றாக ஓடியது என்பதும் அப்போதுதான் புரிந்தது. சுமை இல்லாமல் மெதுவாகச் சுற்றும் மோட்டாருக்குச் சொட்டுச் சொட்டாகப் பெட்ரோல் வந்தாலே போதும். படகைத் தள்ளிக்கொண்டு முழு வேகத்தில் ஓடும்போதுதான் தொட்டியிலிருந்து பெட்ரோலை இழுத்துக் கொடுக்கும் பம்ப்பின் வலு தெரியும். ஆற்றில் நிற்கும் மோட்டாரை டிரம்மில் ஓட்டிக் காட்டி ஒருவர் பணம் கேட்டால், கொடுக்காதீர்கள்.

பந்தை அமுக்கிப் பிழைத்தால் உடனே பம்ப் மீது பழி போட்டுவிடவும் கூடாது என்றார் மாமா. தொட்டி மூடியில் இருக்கும் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா என்று முதலில் பார்த்தார். அது மூடியிருந்தாலோ தொட்டிப் பக்கம் அடைப்பு இருந்தாலோ ஓடும்போது பந்து சப்பையாக உறிஞ்சப்பட்டுவிடும். எங்களுடையது சப்பையாகவில்லை. எங்காவது காற்று உள்ளே நுழைகிறதா என்று பார்க்க, பந்துக்கும் பம்ப்புக்கும் நடுவில் உள்ளே ஓடுவது வெளியே தெரியும் ஒரு முழம் பிளாஸ்டிக் குழாயை இணைத்தார். குமிழி வரவில்லை. கடைசியாகப் பக்கத்துப் படகுக்காரரின் தொட்டியையும் குழாயையும் கடன் வாங்கி மாட்டினோம். அப்போதும் அதே திணறல். வடிகட்டியையும் கழற்றிப் பார்த்தோம், சுத்தமாக இருந்தது. மிஞ்சியது பம்ப் ஒன்றுதான்.

இந்த வகை மோட்டாரில் பம்ப்புக்குத் தனியாக மின்சாரம் கிடையாது. பிஸ்டன் ஏறி இறங்கும்போது அதன் கீழே இருக்கும் கிராங்க் அறையில் அழுத்தம் கூடிக் குறைகிறது. அந்தத் துடிப்பு ஒரு மெல்லிய ரப்பர் சவ்வை ஆட்டுகிறது. சவ்வு பெட்ரோலை இழுத்துத் தள்ளுகிறது. அவ்வளவு எளிய பொருள். கழற்றி வெளிச்சத்தில் பிடித்தபோது சவ்வு விறைத்துச் சுருங்கி, ஓர் ஓரத்தில் ஊசி முனை அளவு ஓட்டையோடு இருந்தது. பெட்ரோல் திரும்பி வராமல் தடுக்கும் சின்ன மடல்களில் ஒன்று சுருண்டிருந்தது. பம்ப்பை இயக்கும் சிலிண்டரின் பிளக் மட்டும் கறுத்து ஈரமாக இருந்ததற்கும் காரணம் கிடைத்தது: ஓட்டை வழியே பெட்ரோல் நேராக அந்தக் கிராங்க் அறைக்குள் போயிருக்கிறது. சவ்வும் மடலும் அடங்கிய புதிய தொகுதியைப் பட்டர்வொர்த்தில் 55 வெள்ளிக்கு வாங்கினேன். அன்று மாலையே மோட்டார் ஒரு மணி நேரம் முழு வேகத்தில் ஓடியது. கம்ப்ரஷனையும் அளவி வைத்துப் பார்த்தோம். இரண்டு சிலிண்டரும் ஏறக்குறைய சமம்.

இப்போது அந்த நீலச் சாயம். மூடியைக் கழற்றியபோது மாமா காயில் போல்ட்டுகளைக் காட்டினார். அப்பா அடித்த சாயம் போல்ட்டின் தலைமீதும் அதன் ஓரத்து இடுக்கிலும் ஒரு கீறல்கூட இல்லாமல் படிந்திருந்தது. அந்தப் போல்ட்டை யாரும் திருப்பியதே இல்லை. 620 வெள்ளிக்கு அவர்கள் எதையும் மாற்றவில்லை. அப்பா அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

திணறும் மோட்டாரைப் பந்தை அமுக்கி அமுக்கியே நாள் கணக்கில் ஓட்டவும் வேண்டாம். டூ ஸ்ட்ரோக்கில் எண்ணெயும் பெட்ரோலோடுதான் உள்ளே போகிறது. எங்கள் மோட்டாருக்கு 50-க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும், பிஸ்டன் கீறிவிடும். இன்னும் சில வாரம் அப்படியே ஓட்டியிருந்தால் அவர்கள் சொன்ன 1,900 வெள்ளிப் பொய் உண்மையாகியிருக்கும்.

பட்டறையின் பெயரை எழுதவில்லை, ஏனெனில் பயனீட்டாளர் உரிமைக்கோரல் தீர்ப்பாயத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை அங்கே கோரலாம், மூன்று ஆண்டுகளுக்குள் போக வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. ரசீதில் "காயில், சி.டி.ஐ. மாற்றியது" என்று அவர்கள் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறது, அந்த இரண்டு சொல்லை எழுதித் தரும்படி அன்று நான் வற்புறுத்தியது நல்லதாயிற்று. பழைய சவ்வைப் புட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். காயில் போல்ட்டுகளைப் படம் எடுத்தாயிற்று. விசாரணை முடியும்வரை அவற்றின்மேல் ஸ்பேனர் வைக்கக் கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார்.