இருபத்தாறாவது குப்பி: தைராய்டு மாத்திரையோடு ஏழு வருஷம்

போன வாரம் இருபத்தாறாவது குப்பியைத் திறந்தேன். குப்பிக்கு நூறு மாத்திரை. 2018 நவம்பரில் தொடங்கியது. நடுவில் ஒரு மாதம் தவிர நாள் தவறாமல் விழுங்கியிருக்கிறேன். ஏழு வருஷம் ஒரு பொருளைப் பயன்படுத்தியவள் என்ற உரிமையில்தான் இந்த விமர்சனம். கம்பெனிப் பெயர் எழுதப் போவதில்லை. உள்ளே இருக்கும் மருந்து ஒன்றுதான், தைராய்டு ஹார்மோனுக்கு ஈடாகக் கொடுக்கும் லெவோதைராக்சின். எந்தக் கம்பெனி, எத்தனை மைக்ரோகிராம் என்பதை உங்கள் டாக்டர் சொல்லட்டும்.

நான் கும்பகோணத்தில் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். பக்கத்தில் திருபுவனம் இருப்பதால் பட்டுப்புடவை ஜாக்கெட்தான் அதிகம் வரும். அந்த வருஷம் ஆடி மாதத்திலிருந்தே கை மரத்துப்போக ஆரம்பித்தது. ராத்திரி தூக்கத்தில் விரல்கள் விறைத்து எழுப்பிவிடும், உதறினால்தான் உணர்ச்சி வரும். காஜா எடுக்கும்போது ஊசி விரலுக்குள் இருக்கிறதா நழுவிவிட்டதா என்றே தெரியாது. புழுங்குகிற நேரத்தில் ஃபேனை நிறுத்தச் சொல்வேன். குரல் கரகரத்தது. தலை சீவினால் சீப்பு நிறைய முடி. மத்தியானம் மெஷின் மேலேயே தலை சாய்ந்துவிடும். தீபாவளிக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, ஒரு கல்யாணப் பெண்ணின் அரக்கு நிறப் பட்டு பிட்டை விரித்து, சாக்பீஸால் கோடு போட்டு, கத்தரியும் வைத்துவிட்டேன். வெட்டி முடித்துப் பார்த்தால் இரண்டு கையும் ஒரே பக்கத்துக்கு வெட்டியிருக்கிறேன். இருபது வருஷத் தொழிலில் அப்படி நடந்ததே இல்லை. அந்தத் துணியை மடியில் போட்டுக்கொண்டு அழுதேன்.

வீட்டில் எல்லாரும் வேலைப் பளு என்றார்கள். என் வீட்டுக்காரர்தான் ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனார். டி.எஸ்.எச். 38. அந்த லேப் தாளில் சரியான அளவு 4.2 வரைதான். இன்னொரு பரிசோதனை, ஆன்டி டி.பி.ஓ., அதாவது தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருளின் அளவு, 600-க்கு மேல் என்று மிக அதிகமாக வந்தது. டாக்டரம்மா எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "தைராய்டு சுரப்பி கழுத்தில் இருக்கிற கொத்தனார். மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி மேஸ்திரி. கொத்தனார் வேலை செய்யலேன்னா மேஸ்திரி கத்துவார். அந்தச் சத்தம்தான் டி.எஸ்.எச். உங்க மேஸ்திரி தொண்டை கிழியக் கத்துறார்மா." கொத்தனாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே அந்தச் சுரப்பியை அந்நியன் என்று நினைத்து அடித்துக்கொண்டிருக்கிறது என்றார். ஹாஷிமோட்டோ என்று பெயர் எழுதிக் கொடுத்தார். 1912-ல் ஜப்பானில் ஹகாரு ஹாஷிமோட்டோ என்ற டாக்டர் நான்கு பெண்களிடம் பார்த்து எழுதிய நோய் என்று என் மகள் அன்றைக்கே படித்துச் சொன்னாள். நான்கு பேரும் பெண்கள் என்று கேட்டபோது, யாரோ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது போல இருந்தது.

இனி மாத்திரை. முதலில் 50 மைக்ரோகிராம், பிறகு 75. சின்ன உருவம், ருசி என்று ஒன்றும் இல்லை, விழுங்குவதில் சிரமமே கிடையாது. விலை நாளைக்கு இரண்டு ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது. வாழ்நாள் மருந்து என்றதும் பயந்த எனக்கு அதுவே பெரிய ஆறுதல்.

வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. ஆனால் அவசரப்படுகிறவர்களுக்கான மருந்து இது இல்லை. முதல் பத்து நாள் எதுவுமே தெரியவில்லை. மூன்றாவது வாரம் மலச்சிக்கல் போனது. ஒன்றரை மாதத்தில் டி.எஸ்.எச். 11. டோஸ் கூட்டிய பிறகு அடுத்த பரிசோதனையில் 3.4. கை மரப்பு பொங்கலுக்குள் போய்விட்டது. முடி கொட்டுவது நிற்க எட்டு மாதம் ஆனது. இந்த மருந்தில் பாதி ரத்தத்தை விட்டு வெளியேறவே சுமார் ஏழு நாள் ஆகும். அளவு மெதுவாக ஏறி ஒரு நிலைக்கு வர வாரக் கணக்காகும். அதனால்தான் டோஸ் மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்கச் சொல்கிறார்கள். பதினைந்தாம் நாளே லேபுக்கு ஓடினால் பணம்தான் வீண்.

இந்த மந்தமான குணமே ஒரு தடவை என்னை ஏமாற்றியது. 2019-ல் உறவுக்காரர் ஒருவர் ஒரு சூரணம் கொடுத்து, நாற்பத்தெட்டு நாளில் தைராய்டே இருக்காது, இங்கிலீஷ் மருந்தை விட்டுவிடு என்றார். விட்டேன். இரண்டு வாரம் நன்றாகவே இருந்தேன்! சூரணம் கேட்கிறது என்று நாலு பேரிடம் சொன்னேன். உடம்பில் மிச்சம் இருந்த மாத்திரைதான் என்னை நடக்க வைத்தது என்று எனக்குத் தெரியாது. நாலாவது வாரம் காலை எழுந்தபோது முகம் உப்பியிருந்தது. மாவு அரைத்துப் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். டி.எஸ்.எச். 29. டாக்டரம்மா திட்டவில்லை, "திரும்ப ஆரம்பிக்கலாம்" என்று மட்டும் சொன்னார். விட்டுப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறேன் என்று யாராவது சொன்னால், எத்தனை நாள் ஆயிற்று என்று கேளுங்கள்.

அடுத்தது காபி. கும்பகோணத்துக்காரிக்கு இதுதான் பெரிய விஷயம். தண்ணீர் கலக்காத பசும்பாலில் டிகிரி காபி, அதுவும் எழுந்து பல் துலக்கியதும். நானும் அத்தையும் அடுக்களைத் திண்ணையில் உட்கார்ந்து குடிக்கிற அந்தப் பத்து நிமிஷம் எங்கள் வீட்டில் கல்யாணமான நாளிலிருந்து உண்டு. முதல் மாதம் மாத்திரையை வாயில் போட்டு அதே சூட்டில் காபியையும் குடித்துவிடுவேன். டாக்டரம்மா கேட்டபோதுதான் தெரிந்தது: வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு எடுத்துக்கொண்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை வேறு எதுவும் கூடாது. பால் மட்டும் இல்லை, காபியே மருந்து குடலில் சேர்வதைக் குறைக்கும்.

நான் கண்டுபிடித்த வழி கோலம். ஐந்து மணிக்கு எழுந்து மாத்திரை, ஒரு டம்ளர் தண்ணீர். பிறகு வாசல் பெருக்கி, தெளித்து, கோலம் போட்டு, குளித்துவிட்டு வந்தால் மணி ஆறாகிவிடும். சாதாரண நாளில் நாலு புள்ளிக் கோலம், மார்கழியில் பதினைந்து புள்ளி. முதலில் அத்தை மட்டும் தன் நேரத்துக்குக் குடித்துக்கொண்டிருந்தார். ஒரு வாரம் போனது. ஒருநாள் நான் தலை துவட்டிக்கொண்டே வந்தால், இரண்டு டபராவிலும் டிகாஷன் மட்டும் ஊற்றி வைத்துவிட்டு அடுப்பில் பாலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். "நீங்க குடிக்கலையா அத்தை?" என்றேன். "உனக்கு ஆறு மணின்னா எனக்கும் ஆறு மணிதாம்மா. தனியாக் குடிச்சா ருசிக்கலை" என்றார். எழுபத்திரண்டு வயதில், அறுபது வருஷப் பழக்கத்தை எனக்காக ஒரு மணி நேரம் தள்ளி வைத்தவர் அவர். இந்த மருந்து எனக்கு வேலை செய்ததில் அவருக்கும் பங்கு உண்டு.

காலை இப்படி முடியாதவர்களுக்கு வேறு வழியும் இருக்கிறது. என் தங்கை நர்ஸ், ஷிஃப்ட் மாறி மாறி வரும். அவளுக்கும் இதே நோய்தான், குடும்பத்தில் ஓடக்கூடியது. அவள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கப் போகும்போது எடுக்கிறாள். அவளுக்கு டி.எஸ்.எச். ஒழுங்காகவே இருக்கிறது. ஒரே மாதிரி தினமும் எடுப்பதுதான் முக்கியம்.

2021-ல் முழங்கால் வலிக்காகப் போன இடத்தில் கால்சியம் மாத்திரை கொடுத்தார்கள். மறக்காமல் இருக்கட்டும் என்று காலையிலேயே தைராய்டு மாத்திரையோடு சேர்த்து விழுங்கினேன். மூன்று மாதத்தில் டி.எஸ்.எச். 9.6. ஒருநாள்கூடத் தவறவிடவில்லையே என்று மனசு உடைந்துபோனது. டாக்டரம்மா டோஸ் கூட்டப் பேனா எடுத்தவர் நிறுத்தி, "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். கால்சியமும் இரும்புச்சத்தும் இந்த மருந்தைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்றார். கால்சியத்தை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் மாற்றினேன். டோஸ் அதே 75. எட்டு வாரத்தில் 2.8. இந்த எச்சரிக்கையைப் பொடி எழுத்துத் துண்டுச்சீட்டில் போடாமல் குப்பியின் மேலேயே போட்டால் என்ன? என் பெரிய குறை இதுதான். நாற்பது தாண்டிய பெண்களில் எத்தனை பேர் தைராய்டு மாத்திரையும் கால்சியமும் சேர்ந்தே சாப்பிடுகிறோம்!

முடிக்கு என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கவனிக்க வேண்டும். அது ரத்தப் பரிசோதனையையே தப்பாகக் காட்டலாம். லேபுக்குப் போகும் முன் எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று டாக்டரிடம் கேளுங்கள். முட்டைக்கோஸ், காலிஃபிளவர் பற்றி என்னையும் பயமுறுத்தினார்கள். வேகவைத்து அளவாகச் சாப்பிடத் தடை இல்லை என்று டாக்டரம்மா சொன்ன அன்றே கோஸ் பொரியல் செய்தேன். அயோடின் உப்பையும் நிறுத்தவில்லை. ஆனால் தைராய்டுக்கு நல்லது என்று விற்கிற கூடுதல் அயோடின் சமாச்சாரங்களை வாங்காதீர்கள், ஹாஷிமோட்டோவுக்கு அது கெடுதலாகக்கூட முடியலாம்.

குப்பியைப் பற்றி. வெளிச்சம் புகாத பிளாஸ்டிக், உள்ளே ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம். நல்ல ஏற்பாடு. 30 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்லி என் குப்பியில் போட்டிருக்கிறது. எங்கள் ஊர் சித்திரை வெயிலில் அடுக்களை அலமாரி அதற்கு ஆகாது. உள் அறை மர பீரோவில், புடவைகளுக்கு நடுவில் வைக்கிறேன். ஊருக்குப் போகும்போது குப்பி கைப்பையில் வரும், வெயிலில் நிற்கும் காருக்குள் விடுவதில்லை. காலாவதித் தேதி அச்சு மட்டும் மோசம். ஊசி கோக்கும் கண்ணாடி போட்டாலும் தெரிவதில்லை, மெடிக்கல் தம்பியிடம் படித்துக்காட்டச் சொல்வேன். மைக்ரோகிராம் எண்ணையும் அங்கேயே பார்த்துவிடுவேன். 25-க்கும் 75-க்கும் அவசரத்தில் பார்த்தால் பெட்டி ஒன்று போலத்தான் இருக்கும். 2020 ஊரடங்கில் எங்கள் கம்பெனி மருந்து கிடைக்காமல் வேறு ஒன்று கொடுத்தார்கள். டாக்டரம்மா போனில், "எடுத்துக்கோங்க, ஆறு வாரத்தில் ரத்தம் பாருங்க" என்றார். கம்பெனி மாறினால் இதைச் செய்யத்தான் வேண்டும்.

இந்த மாத்திரை செய்யாததையும் சொல்ல வேண்டும். எதிர்ப்பு சக்தியின் அடியை இது நிறுத்தாது, சுரப்பி கொடுக்காததை ஈடு கட்டும், அவ்வளவுதான். எடை எனக்கு மூன்று கிலோதான் இறங்கியது, அதுவும் பாதி நீர். இளைக்க வேண்டும் என்று தானாக ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொண்ட ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். படபடப்பும் கை நடுக்கமும் வந்து ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடந்தாள். வருஷக் கணக்கில் அளவு கூடுதலாகவே இருந்தால் எலும்பு தேயும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். அசதியும் எனக்கு முழுசாகப் போகவில்லை. ரிப்போர்ட் சரியாக இருந்தும் சில நாள் மத்தியானம் கண் சொக்கும். அப்போது முக்கால் மணி நேரம் படுத்து எழுந்துதான் மெஷினில் உட்காருகிறேன். தாள் சரியாக இருக்கிறது என்பதால் உங்கள் அசதி பொய்யாகிவிடாது. எனக்கு இரும்புச்சத்தும் குறைவாக இருந்தது, அதைப் பார்க்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் தெரிந்தது.

இந்த நோய் உள்ள பெண் கர்ப்பமானால் தெரிந்த உடனே டாக்டரிடம் போக வேண்டும். டோஸ் பெரும்பாலும் கூட்ட வேண்டியிருக்கும், குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு முதல் மாதங்களில் அம்மாவின் தைராய்டு ஹார்மோன்தான் ஆதாரம். என் தங்கைக்கு இரண்டாவது குழந்தை தங்கியபோது அந்த வாரமே கூட்டினார்கள்.

என் மகள் படித்துச் சொன்ன இன்னொன்று மனசை விட்டுப் போகவே இல்லை. 1891-ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மரே என்ற டாக்டர், ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி வழியாக ஒரு பெண்ணுக்குக் கொடுத்தாராம். அவளுக்கு வயது 46. அதற்குப் பின் 28 வருஷம் உயிரோடு இருந்தாளாம். எனக்கும் இப்போது 46. அவளுக்கு ஆட்டிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது எனக்குத் தெருமுனை மெடிக்கலில் கிடைக்கிறது.

ஐந்துக்கு நாலரை நட்சத்திரம். அரை நட்சத்திரத்தைக் குறைத்தது அந்தப் பொடி எழுத்துக்காக.

குப்பி திறக்கும் தேதியைத் துணிக்குக் குறி போடும் பேனாவால் மூடியில் எழுதிவைப்பது என் வழக்கம். எழுதினால் எப்போது தீரும் என்று தெரியும், தீர்வதற்குப் பத்து நாள் முன்பே அடுத்ததை வாங்கிவிடலாம். இருபத்தாறாவதின் மூடியில் தேதியை அத்தைதான் எழுதினார். கை நடுங்கி எண் கொஞ்சம் கோணலாகத்தான் விழுந்திருக்கிறது. அழிக்கவில்லை.