கடலோரச் சிறுவயது நினைவுகள்: நோட்டில் எழுதுவதா, போனில் பேசி வைப்பதா?

கடலுக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்கள் சிலர் இப்படிக் குழம்புவதைப் பார்க்கிறேன். நான் இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன்.

சிரமம்: பேசுவது எளிது, பட்டனை அழுத்தினால் போதும். எழுத உட்கார்ந்தால் முதல் வரிக்கே அரை மணி நேரம் போய்விடும்.

செலவு: இரண்டிலும் பெரிதாக இல்லை. பதிவு போனில் இடத்தையும் அதிகம் அடைக்காது, 64 கேபிபிஎஸ் தரத்தில் எம்பி3 ஒலிக்கோப்பாக வைத்தால் ஒரு மணி நேரப் பேச்சு 29 எம்பிக்குள் அடங்கிவிடும்.

எது கிடைக்கிறது: இங்கேதான் விஷயமே. பேசும்போது அலை வந்தது, ஓடினோம், சிரித்தோம் என்று வேகமாக முடிந்துவிடுகிறது, ஆனால் அந்தச் சிரிப்பு குரலில் அப்படியே இருக்கும், அதை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. எழுதும்போதோ, அலை திரும்புகையில் குதிகாலுக்கு அடியில் மணல் கரைந்து உடம்பு பின்னால் சாயுமே, அந்த ஒரு நொடிக்கே ஒரு பக்கம் போனது. சங்குக்குள் கேட்டது கடல் இல்லை, சுற்றியிருக்கும் சத்தம்தான் உள்ளே எதிரொலிக்கிறது என்று தெரிந்த நாளின் ஏமாற்றமும் எழுதும்போதுதான் ஞாபகம் வந்தது.

ஆயுள்: உப்புக்காற்று நோட்டை விடாது. நடுவில் அடித்திருக்கும் ஸ்டேப்பிள் பின் துருப்பிடித்து நடுப்பக்கம் பழுப்பாகும், ஈரம் பட்டால் பேனா மை பரவும். பென்சில் எழுத்து கரையாது, அதையே எடுங்கள். ஆடியோவுக்குத் துரு இல்லை, ஆனால் போன் போனால் எல்லாம் போச்சு. என்னுடைய ஆறு பதிவுகள் அப்படித்தான் போயின. இன்னும் இரண்டு இடத்திலாவது பிரதி வையுங்கள்.

வயதான அம்மா அப்பாவின் கதை வேண்டுமென்றால் யோசிக்காமல் பேசவைத்துப் பதியுங்கள். உங்கள் சொந்த நினைவுகளுக்கு நோட்டு. எழுத வரவில்லையா, சரி, முதலில் பேசிவிட்டு அப்புறம் அதைக் கேட்டுக்கொண்டே எழுதுங்கள், நான் இப்போது செய்வது அதுதான்.