பால்சா என்று சொல்லி ரப்பர் கட்டையை விற்கிறார்கள்: பழைய ரேஸ் கார் கியர் நாப் தேடுபவர்கள் கவனத்துக்கு

பழைய கார் வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு விளம்பரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. பச்சை வெல்வெட் துணியின் மேல் வெளிர் நிற மர உருண்டை, பக்கத்தில் சின்ன மரப்பெட்டி, முத்திரை குத்திய சான்றிதழ். 'போர்ஷே 917 ரேஸ் காரின் கியர் நாப், அசல் பால்சா, அசல் அளவு, கையால் கடைந்தது.' கியர் நாப் என்றால் கியர்த் தண்டின் தலையில் கையால் பிடிக்கும் குமிழ். விலை 480 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). விற்பவர், தன் பட்டறை கோலாலம்பூரில் செகாம்புட் பக்கம் இருப்பதாகச் சொல்வார். தமிழர்தான், இனிமையாகப் பேசுவார். பெயரை இங்கே போடவில்லை. பெயரை மாற்றிக்கொண்டே இருப்பவரின் பெயரைப் போட்டு என்ன பயன்?

ஒரு மர உருண்டைக்கு இவ்வளவு விலையா என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் கதை சொல்ல வேண்டும். 1969-ல் போர்ஷே 917-ஐக் கொண்டுவந்தபோது, எடையைக் குறைக்கக் கிராம் கணக்கில் கைவைத்தார்கள். கியர் நாப்பைக்கூட விட்டுவைக்காமல் பால்சா மரத்தில் செய்தார்கள். பிள்ளைகள் பொம்மை விமானம் ஒட்டுவார்களே, அதே மரம். அந்த வேலையை முன்னின்று நடத்தியவர் ஃபெர்டினாண்ட் பீஎக். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரை வடிவமைத்த ஃபெர்டினாண்ட் போர்ஷேயின் பேரன். 917-க்கும் பீட்டிலுக்கும் காற்றால் குளிரும் எஞ்சின்தான், அதில் 12 சிலிண்டர், இதில் 4. என்னிடமும் என் மச்சானிடமும் பட்டர்வொர்த்தில் ஒரு 1970 பீட்டில் இருக்கிறது. தாத்தா செய்த காரில் பேரன் செய்த நாப்பின் நகலைப் போட ஆசைப்பட்டோம். ஆசை நியாயமானதுதான் என்று இப்போதும் சொல்வேன்.

தொலைபேசியில் ஆளுக்கு எல்லாம் தெரிந்தது போலத்தான் இருந்தது. "அண்ணே, ஈக்வடோர் பால்சா. நம்ம ஊர் மரம் கிடையாது. உங்க பழைய நாப்பை அனுப்பிடுங்க, மரை பார்த்துப் பொருத்தித் தரேன், ரெண்டையும் சேர்த்து அனுப்பிடறேன்" என்றார். பாதி முன்பணம் போட்டோம். காரோடு வந்த கறுப்பு நாப்பையும் கூரியரில் அனுப்பினோம். தீபாவளிக்கு முன் தருவதாகப் பேச்சு. பொங்கல் பானை இறங்கிய பிறகுதான் பெட்டி வந்தது, அதுவும் மீதிப் பணம் கட்டிய பிறகு. உள்ளே புது நாப் மட்டும். கறுப்பு நாப்பைக் காணோம்.

முதலில் மரை. 1968 முதல் வந்த பீட்டிலின் கியர்த் தண்டுக்கு 12 மில்லிமீட்டர் மரை, அதற்குச் சற்று முந்தைய வண்டிகளுக்கு 10. வந்த நாப்பின் உள்ளே ஒட்டியிருந்த பித்தளைக் குழலில், அதாவது புஷ்ஷில், இருந்தது 10. பொருத்திப் பார்க்கத்தான் பழைய நாப் வேண்டும் என்றவர், அதை வெர்னியர் அளவுகோலால் ஒரு தடவைகூட அளக்கவில்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது. கேட்டதற்கு, "உள்ளே இருக்கிற பித்தளை புஷ்ஷைத் துளைத்துப் பெரிசு பண்ணிக்குங்க அண்ணே, சிம்பிள்" என்றார். 480 வெள்ளி வாங்கிக்கொண்டு வேலையை நம் தலையில் கட்டுகிறார்.

அடுத்தது எடை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், யாருக்காவது உதவும். நாங்கள் கேட்டது 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டை. அதன் கொள்ளளவு சுமார் 65 கன சென்டிமீட்டர். பால்சா ஒரு கன சென்டிமீட்டருக்குச் சராசரியாக 0.16 கிராம்தான் வரும். ஆக முழு உருண்டையே பத்துப் பதினோரு கிராம். பால்சா மெத்தென்று இருப்பதால் அதில் நேராக மரை வெட்ட முடியாது, உலோகப் புஷ் ஒட்டித்தான் ஆக வேண்டும். சின்னப் பித்தளைப் புஷ் என்றால் இன்னும் பன்னிரண்டு, பதின்மூன்று கிராம். எல்லாம் சேர்த்தாலும் 25 கிராமைத் தாண்டக்கூடாது. என் மனைவி கேக் மாவு நிறுக்கும் தராசில் வைத்தேன். 50 காட்டியது.

அது பால்சாவாக இருக்கவே முடியாது. லேசான மரம் என்று நம் பக்கத்து ஜெலுத்தோங்கைப் போட்டிருந்தால்கூட முழு உருண்டை 30 கிராம் அளவில்தான் நிற்கும், புஷ்ஷோடு 40-ஐ ஒட்டி வரும். நகத்தால் அழுத்திப் பார்த்தேன், பள்ளம் விழவில்லை. மேலே பூசியிருந்த லாக்கரைக் காரணம் காட்டுவார் என்று தெரியும். அதனால் புக்கிட் மெர்தாஜாமில் நாற்காலிக் கால் கடையும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அடிப்பக்கம் உளியால் லேசாகச் சீவிவிட்டு, மோந்து பார்த்து, சிரித்தார். "தம்பி, இது ரப்பர் கட்டை. மேசை நாற்காலி செய்யுற பட்டறையிலே துண்டு துண்டா கிடக்கும். எவ்வளவு கொடுத்தே?" சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டார்.

இதில்தான் எனக்கு வயிற்றெரிச்சல். என் அப்பா தோட்டத்தில் பிறந்து, விடியற்காலையில் பால்வாளி தூக்கியவர். பால் வற்றிய பிறகு, இருபத்தைந்து முப்பது வருஷத்தில் வெட்டிச் சாய்க்கும் அந்த மரத்தை, அவர் மகனிடமே ஈக்வடோரிலிருந்து வந்தது என்று விற்றிருக்கிறார் இந்த ஆள். ரப்பர் கட்டை மட்டம் என்று சொல்லவில்லை. நல்ல மரம், கடைசலுக்கும் படியும். ரப்பர் கட்டை என்று சொல்லி எண்பது வெள்ளிக்கு விற்றிருந்தால் வாங்கி நன்றி சொல்லியிருப்பேன்.

சான்றிதழைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெட்டிக்குள் இருந்த தாளில் '1969 லெ மான்ஸ் வென்ற 917-இன் நாப்' என்று தங்க எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். லெ மான்ஸ் என்பது பிரான்சில் நடக்கும் 24 மணி நேரக் கார்ப் பந்தயம். 1969-ல் அதை வென்றது ஃபோர்ட் ஜிடி40. ஜாக்கி இக்ஸ் கடைசிச் சுற்றுகளில் முட்டி மோதி, நூறு மீட்டர் சொச்ச இடைவெளியில் போர்ஷே 908-ஐ முந்திய பந்தயம் அது. 917 வென்றது அடுத்த வருஷம், 1970-ல், ஹான்ஸ் ஹெர்மனும் ரிச்சர்ட் ஆட்வுட்டும் ஓட்டியபோது. இந்தக் கார்மேல் பிரியமுள்ள எவரும் இந்தத் தப்பைச் செய்யமாட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. நேர்மையான கடைசல்காரராக இருந்தால், தினமும் ஓட்டும் வண்டிக்குப் பால்சா வேண்டாம் என்றே சொல்லியிருப்பார். நம் ஊர்ப் புழுக்கத்தில் கை வேர்வை பட்டுப் பட்டு அழுக்கேறும், மோதிரம் இடித்தால் தழும்பு விழும். போர்ஷேயே பிற்பாடு கரேரா ஜிடி காரில் 917 நினைவாக மர நாப் வைத்தபோது, பால்சாவை விட்டுவிட்டு பர்ச், ஆஷ் மரங்களை அடுக்கி ஒட்டித்தான் செய்தது. இந்த விஷயமெல்லாம் அவர் வாயிலிருந்து வரவே இல்லை.

படம் எடுத்து அனுப்பினேன், தராசோடு. இரண்டு நீலக் கோடு விழுந்தது, அப்புறம் என் எண்ணைத் தடுத்துவிட்டார். சரி என்று பயனீட்டாளர் உரிமைக் கோரல் நடுவர் மன்றத்தில் மனு போட்டேன். இதைப் பலர் பெரிய கோர்ட் வேலை என்று நினைத்துப் பயந்து விட்டுவிடுகிறார்கள். கட்டணம் ஐந்து வெள்ளி. வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை, வைக்கவும் விடமாட்டார்கள். 50,000 வெள்ளி வரை கோரலாம். வாட்ஸ்அப் உரையாடல், பணம் போட்ட ரசீது, கூரியர் சீட்டு, பெரியவர் சீவிய துண்டு எல்லாவற்றையும் கொண்டுபோனேன். எதிராளியின் முகவரி கட்டாயம் வேண்டும், அங்கேதான் பலர் மாட்டிக்கொள்வார்கள். பழைய நாப்பை அனுப்பிய கூரியர் சீட்டில் அவர் முகவரி இருந்ததால் என் மனு நின்றது. விசாரணைக்கு அவர் வரவில்லை. வராவிட்டாலும் தீர்ப்பு சொல்லலாம், சொன்னார்கள். 14 நாளுக்குள் தீர்ப்பை மதிக்காவிட்டால் அது குற்றம் என்பதால், கடைசி நேரத்தில் பணம் வந்து சேர்ந்தது.

வங்கிக் கணக்கு எண் கொடுத்துப் பணம் கேட்கிறவர்களை, மோசடிக் கணக்குகளைத் தேடிப் பார்க்கும் போலீசின் 'செமாக் மியூல்' தளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு நம்புங்கள். அதில் பெயர் வராததாலேயே ஆள் யோக்கியர் என்று ஆகிவிடாது, யாராவது புகார் கொடுத்திருந்தால்தான் வரும். நானும் கொடுத்துவிட்டேன்.

போன வாரம் அதே பச்சை வெல்வெட் துணி மறுபடி வந்தது, வேறு பெயரில். இப்போது லோட்டஸ் கார் நாப்பும் செய்கிறாராம். அதிலும் பழைய நாப்பை அனுப்பச் சொல்லி எழுதியிருக்கிறார். அனுப்பாதீர்கள். மரை அளவை நீங்களே வெர்னியரில் பார்த்துச் சொல்லுங்கள், அல்லது வண்டியோடு நேரில் போங்கள்.

எங்கள் கறுப்பு நாப் இன்னும் வரவில்லை. அனுப்பிவிட்டேன் என்றார், சீட்டு எண் தரமாட்டேன் என்றார். அடிப்பக்கம் மரை ஓரமாகப் பிறை போல ஒரு சின்ன உடைசல், மேலே கியர் எண்களில் வெள்ளைப் பூச்சு பாதி அழிந்திருக்கும். எங்காவது விற்பனைக்கு வந்ததைப் பார்த்தால் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள், விலை பேச வேண்டாம்.