நடு மாதத்தில் பட்ட கறை: நிறத்தைப் பார்ப்பதா, நாளை எண்ணுவதா?

இரவு பத்தரைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம். மடித்த டிஷ்யூ பேப்பர், நடுவில் கொத்தமல்லி விதை அளவுக்குப் பழுப்பாக ஒரு கறை. கீழே, "அக்கா, இது அதுவா?" அனுப்பியது சித்தி மகள். கல்யாணமாகி ஏழு மாதம். இப்போதைக்குக் குழந்தை வேண்டாம் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். இரண்டு நாள் முன்னால் ஒருமுறை மட்டும் கவனம் தப்பிவிட்டது. இந்தக் கறை கர்ப்பத்தின் அடையாளமோ என்ற பயம் அவளுக்கு.

நான் டாக்டர் இல்லை. பதினோரு வருஷமாக ஒரு லேபில் ரத்தம் எடுக்கிறவள். இந்தக் கேள்வியோடு வந்து உட்காரும் பெண்களை வாரம் நாலு பேராவது பார்க்கிறேன். எல்லோரும் கறையின் நிறத்தைத்தான் விவரிப்பார்கள். ரோஸா, பழுப்பா, காபி டிகாக்‌ஷன் மாதிரியா என்று. நான் கேட்பது ஒன்றுதான்: போன தடவை முதல் நாள் என்றைக்கு?

அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் வீடுகளில் பலர் தலைக்குக் குளித்த நாளிலிருந்து எண்ணுவார்கள். கணக்கு தொடங்க வேண்டியது ரத்தம் நன்றாகப் பட ஆரம்பித்த முதல் நாளில். சித்தி மகளும் அப்படித்தான் "பன்னெண்டாம் நாள்" என்றாள். குளித்தது மூன்றாம் நாள் என்பதால் உண்மையில் அது பதினாலாம் நாள்.

பதினாலாம் நாள் என்றதும் முதலில் நினைவுக்கு வர வேண்டியது கருமுட்டை வெளிவரும் நேரம். அந்தச் சமயத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் சட்டென்று இறங்கும்போது கர்ப்பப்பையின் உள்சுவர் லேசாக உதிர்ந்து, சில பெண்களுக்கு ஒருநாள் இருநாள் கறை படும். முட்டை வெள்ளைக்கரு போல வழவழப்பான வெள்ளைப்படுதலோடு அது கலந்து வந்தாலும், அடிவயிற்றில் ஒரு பக்கம் சுருக்கென்று இழுத்தாலும் சந்தேகம் இன்னும் அந்தப் பக்கம் சாயும்.

இதற்கு எதிரில் நிற்பது, எல்லோரும் பயப்படுகிற, அல்லது ஆசைப்படுகிற, 'கரு பதியும்போது படும் ரத்தம்'. இந்த இரண்டுக்கும் நாள் கணக்கே ஒத்துவராது. முட்டை வெளிவந்து 6 முதல் 12 நாளுக்குள்தான் கரு பதியும். அமெரிக்காவின் வட கரோலினாவில் பெண்களைத் தினமும் சிறுநீர் சேகரிக்கவும் டைரி எழுதவும் வைத்துச் செய்த ஆய்வு இதில் பேர்பெற்றது. அதன் 1999-ஆம் ஆண்டு முடிவுப்படி, நிலைத்து நின்ற கர்ப்பங்களில் 84 சதவீதத்தில் கரு பதிந்தது 8, 9, 10-ஆம் நாள்களில். அதாவது 28 நாள் சுழற்சிக்காரருக்கு ஏறக்குறைய 22-லிருந்து 24-ஆம் நாள். பதினாலாம் நாள் கறை, இரண்டு நாள் முன்னால் நடந்ததால் உண்டான கர்ப்பத்தின் அறிகுறியாக இருக்க வாய்ப்பே இல்லை.

அதே பெண்களின் டைரிகளை வைத்து 2003-ல் வந்த இன்னொரு கட்டுரை எனக்கு மிகவும் பிடித்தது. கர்ப்பமான 151 பேரில் முதல் எட்டு வாரத்தில் ரத்தம் பட்டதாக எழுதியவர்கள் 14 பேர்தான். அவர்களிலும் பதிந்த நாளன்றே பட்டவர்கள் அரிது. பெரும்பாலும் பீரியட்ஸ் வர வேண்டிய நாளையொட்டித்தான் பட்டிருந்தது. கரு பதியும் ரத்தத்துக்கு யூடியூபில் இருக்கும் புகழ் கொஞ்சம் அதிகம்தான்.

ஒரே ஒரு விதிவிலக்கை மட்டும் மறக்கக் கூடாது. போன மாதம் வந்தது வழக்கமான போக்கா, இல்லை அரை நாள் பட்டு நின்றதா? இரண்டாவது என்றால் அது பீரியட்ஸாகவே இல்லாமல் இருக்கலாம். அப்போது 'நடு மாதம்' என்று நாம் எண்ணுவது கர்ப்பத்தின் ஆறாவது வாரமாகக்கூட இருக்கும்.

மாத்திரை, ஊசிக்காரர்கள் கதை தனி. தினசரி கருத்தடை மாத்திரை ஆரம்பித்த முதல் மூன்று மாதம், அல்லது ஒருநாள் மறந்தால், இடையில் கறை படுவது சகஜம். அரசு மருத்துவமனைகளில் போடும் மூன்று மாத 'அந்தரா' கருத்தடை ஊசிக்கும், கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர்-டிக்கும் இதேதான். இவர்கள் கறையைவிட மறந்துபோன மாத்திரையைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

இப்போது டெஸ்ட். சித்தி மகள் எனக்குப் படம் அனுப்பும் முன்பே கர்ப்ப டெஸ்ட் கார்டு போட்டுப் பார்த்துவிட்டாள். ஒற்றைக் கோடு. அதைப் பார்த்துக் கொஞ்சம் நிம்மதி வேறு. அந்தக் கோடு சொன்னது போன மாதத்தைப் பற்றி. இரண்டு நாள் முன்னால் நடந்ததை எந்தக் கார்டும் இன்று சொல்லாது. கார்டு தேடுவது ஹெச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோனை. அது சுரக்கவே கரு பதிந்தாக வேண்டும்.

கார்டு ஐம்பது ரூபாய் சுமாருக்குக் கிடைக்கும். ஆஷா பணியாளர்களிடமும் கிராம சுகாதார செவிலியர்களிடமும் இலவசமாகவே இருக்கும். நாள் தள்ளிய பிறகு, காலை முதல் சிறுநீரில் போட்டால் நம்பலாம். கர்ப்பத்தைக் காட்டும் டி கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் கோடு கோடுதான். ஆனால் குப்பைக்கூடையிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து எடுத்துப் பார்க்கும் கோட்டுக்கு மதிப்பில்லை, காய்ந்த தடம் அது. ரத்தத்தில் பார்க்கும் பீட்டா ஹெச்.சி.ஜி. சில நூறு ரூபாய். நாள் தள்ளுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே காட்டிவிடும். அளவு 5-க்குக் கீழே என்றால் கர்ப்பம் இல்லை, 25-க்கு மேலே என்றால் உண்டு. நடுவில் வந்தால் 48 மணி நேரம் கழித்து இன்னொரு தடவை குத்திக்கொள்ள வேண்டும். என் பிழைப்பே அந்த டெஸ்ட்தான் என்றாலும் சொல்கிறேன்: பயத்தைத் தீர்க்க மட்டும் என்றால் கார்டே போதும். வலியோ, முன்பு கருக்குழாயில் கரு தங்கிய வரலாறோ, சிகிச்சையில் கருத்தரிக்கும் முயற்சியோ இருந்தால் பீட்டாவுக்குக் கொடுக்கிற காசு வீணில்லை.

ஆனால் அன்றிரவு அவள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி டெஸ்டைப் பற்றியதே இல்லை, கர்ப்பத்தை இன்னும் தடுக்க முடியுமா என்பதுதான். முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாள்களும்தான் கரு தரிக்கக்கூடிய நாள்கள். இரண்டு நாள் முன்பு என்பது அதற்குள் நன்றாகவே விழுகிறது. இங்கேதான் ஒப்பிட வேண்டிய இரண்டு பொருள் இருக்கின்றன. லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற அவசரக் கருத்தடை மாத்திரையை 72 மணி நேரத்துக்குள், முடிந்தவரை சீக்கிரம் போட வேண்டும். தமிழ்நாட்டில் பல மெடிக்கல்களில் கேட்டால் இல்லை என்பார்கள், டாக்டரிடம் போவதே நேர்வழி. அது வேலை செய்வது முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போட்டு. ஏற்கெனவே வெளிவந்திருந்தால் அதனால் பெரிதாக ஆவதில்லை. காப்பர்-டியை ஐந்து நாளுக்குள் போட்டால் முட்டை வந்த பிறகும் காக்கும். கறை பட்டுவிட்டவளுக்கு, என் கணக்கில், காப்பர்-டிதான் பலமானது.

மறுநாள் காலை டாக்டர் இரண்டையும் எடுத்துச் சொல்லியிருக்கிறார். "குழந்தையே பெறாதவளுக்குக் காப்பர்-டியா" என்று மாமியார் காதில் விழுந்துவிடும் என்ற பயம் அவளுக்கு. மாத்திரையோடு நிறுத்திக்கொண்டாள். அது அவள் முடிவு, நான் மேலே பேசவில்லை. மாத்திரை போட்டு ஐந்தாம் நாள் மறுபடி கறை. மறுபடி படம். "இது மாத்திரை வேலை, பீரியட்ஸும் ஒரு வாரம் முன்னே பின்னே வரும். இனி படம் அனுப்பாதே, சம்பவ நாளிலிருந்து 21-ஆம் நாள் கார்டு போடு" என்றேன்.

காத்திருக்கக் கூடாத கறைகளும் உண்டு. ஒரு பக்கம் அடிவயிற்றில் விடாத வலி, தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றி மயக்கம், இவற்றோடு நாளும் தள்ளியிருந்தால் அது கருக்குழாய் கர்ப்பமாக இருக்கலாம். அந்த நேரத்தில் கார்டும் வேண்டாம் பீட்டாவும் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிக்கு. மணிக்கொரு பேட் நனைந்தாலும் அப்படியே. உறவுக்குப் பின் ஒவ்வொரு முறையும் படுகிறது, மூன்று மாதமாக நடுவில் படுகிறது, நாற்றத்தோடு வெள்ளைப்படுகிறது என்றால் அவசரமில்லை, ஆனால் கர்ப்பப்பை வாயைப் பார்க்கச் சொல்லி மகப்பேறு டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும். தைராய்டுக்கு ஒரு ரத்தப் பரிசோதனையும் அவரே எழுதுவார்.

21-ஆம் நாள் விடிகாலை ஐந்தேகாலுக்குப் படம் வந்தது. இந்த முறை கார்டு, பக்கத்தில் தினசரி காலண்டர் தாள். ஒற்றைக் கோடு. இரண்டு நாள் கழித்து, "வந்துடுச்சுக்கா" என்று ஒரு வரி. "முதல் நாளைக் குறிச்சு வை, குளிச்ச நாளை இல்லை" என்று பதில் போட்டேன்.