சவ்ராஸ்தா சந்தை மாடியில் ஒரு தமிழ் அலமாரி

பினாங்கு சாலையில், ஜாதிக்காயையும் மாங்காயையும் ஊறவைத்து விற்கும் கடைகளைக் கடந்து சவ்ராஸ்தா சந்தையின் மாடிக்கு ஏறினால், பழைய புத்தகக் கடைகள் நெருக்கமாக அமைந்திருப்பதைக் காணலாம். அங்கே வருகின்றவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் பாடநூல்களுக்காகவும் படக்கதைகளுக்காகவும் மலாய் நாவல்களுக்காகவும் வருகிறார்கள். நான் இலக்கிய நாவல்களின் முதற் பதிப்புகளை, முடிந்தால் ஆசிரியரின் கையொப்பத்தோடு, தேடிச் செல்கிறேன். பதினோரு ஆண்டுகளாக மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகளாவது அந்த மாடியில் கழிகின்றன. இங்கே நான் எழுதுவது அவற்றுள் ஒரே ஒரு கடையைப் பற்றி. கடைக்காரர் தம் பெயரும் கடையின் பெயரும் வெளிவர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவற்றை எழுதவில்லை. தமிழ் அலமாரி உள்ள கடை எது என்று மாடியில் விசாரித்தால் கை காட்டிவிடுவார்கள்.

இந்தக் கடையை நான் முதன்மையாகப் பாராட்டுவது அதன் புத்தக இருப்புக்காக அன்று. எந்தப் புத்தகத்தையும் கையில் எடுத்து, தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தை வெளிச்சத்தில் பார்த்து, அட்டையையும் கட்டுமானத்தையும் சோதித்து, வாங்காமல் திருப்பி வைக்கவும் அவர் முகம் சுளிக்காமல் இடம் கொடுக்கிறார் என்பதே எனக்குப் பெரிது. முதற் பதிப்புச் சேகரிப்பில் இந்த உரிமை எவ்வளவு விலை மதிப்புடையது என்பதை நான் பணம் இழந்துதான் கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன், இணையவழியாக விற்ற ஒருவரிடம், ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' நாவலின் முதற் பதிப்பு என்ற உறுதிமொழியை நம்பி 450 ரிங்கிட் அனுப்பினேன். பினாங்கில் வாழும் தமிழ் வாசகனுக்கு அந்த நாவல் எத்தகையது என்பதை விளக்கத் தேவையில்லை. மெடானும் பினாங்குமாக விரியும் அந்தப் போர்க்கால உலகத்தில் நம் தெருக்களே கதைக்களம். அதன் முதற் பதிப்பு 1972இல் சென்னைக் கலைஞன் பதிப்பகத்தின் வெளியீடாக வந்தது. எனக்கு வந்து சேர்ந்ததோ பிற்காலத்தில் வேறொரு பதிப்பகம் வெளியிட்ட பிரதி. விற்றவர் அனுப்பிய படத்தில் 'முதற் பதிப்பு' என்ற சொல் தெளிவாகத் தெரிந்தது. ஆண்டு இருந்த வரி மட்டும் படத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தது.

தமிழ்ப் புத்தகங்களில் இந்தக் குழப்பம் ஆங்கிலப் புத்தகங்களைவிட அதிகம் என்பதைச் சேகரிக்கத் தொடங்குவோர் அறிந்திருக்க வேண்டும். ஒரு பழைய நாவலைப் புதிய பதிப்பகம் எடுத்து வெளியிடும்போது, அந்தப் பதிப்பகத்தைப் பொறுத்தவரையில் அது முதல் வெளியீடு என்பதால், 'முதற் பதிப்பு' என்றே அச்சிடும் வழக்கம் பரவலாக உண்டு. அதில் ஏமாற்று நோக்கம் ஏதும் இல்லை; ஆனால் முன்னைய பதிப்புகளின் வரலாற்றை அதே பக்கத்தில் குறிக்காமல் விட்டுவிடுவதால், ஆண்டையும் பதிப்பகத்தையும் சேர்த்துப் பார்க்காதவர்கள் தடுமாறிப் போகிறார்கள். எனக்கு அந்தப் பிரதியைக் காட்டிக்கொடுத்தது எழுத்தின் வடிவம். தமிழ்நாட்டு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றுக்கொள்வதற்கு முன் அங்கே அச்சான பெரும்பாலான புத்தகங்களில் லை, னை, ணை, ளை ஆகியவை யானைத் துதிக்கை போன்ற கொம்போடும், றா, னா, ணா ஆகியவை பழைய சுழிப்போடும் இருக்கும். பிரித்த முதல் பக்கத்திலேயே இன்றைய வடிவில் 'னை' நின்றிருந்ததைக் கண்டபோது, வேறு எதையும் சரிபார்க்க வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை. இந்தச் சோதனை எல்லாப் புத்தகத்துக்கும் செல்லாது. சீர்திருத்த எழுத்தை 'விடுதலை' ஏடு 1935 முதலே பயன்படுத்தியிருக்கிறது. ஆயினும் அறுபதுகளின், எழுபதுகளின் சென்னை நாவல் என்று ஒருவர் நீட்டும் பிரதியில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான் என்பேன். அதற்கடுத்து அச்சகத்தின் பெயர், அச்சிட்ட விலை, தாளின் நிறம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நான் கேட்காமலேயே, தமிழ்ப் புத்தகங்களை விலை சொல்வதற்கு முன் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைத் திறந்து காட்டும் பழக்கம் இந்தக் கடைக்காரருக்கு உண்டு.

ஆங்கில இருப்பைப் பொறுத்தவரையில் கடை சுமாரானது. அலமாரிகளில் இருப்பவை பெரும்பாலும் மெல்லட்டை மறுபதிப்புகள். கோலகங்சார் மலாய்க் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஆண்டனி பர்ஜெஸின் மலாயா முந்நாவல்களுள் முதலாவது 1956இல் லண்டன் ஹைன்மன் வெளியீடாக வந்தது. அந்தப் பதிப்பை, அட்டைக்கு மேல் போர்த்தும் தாள் மேலுறையோடு, இங்கே நான் ஒருமுறைகூடக் கண்டதில்லை. பினாங்கிலேயே பிறந்த டான் டுவான் எங்கின் 'தி கிஃப்ட் ஆஃப் ரெய்ன்' 2007இல் இங்கிலாந்தின் சிறு பதிப்பகமான மிர்மிடான் வழியாக வெளிவந்து, அவ்வாண்டின் புக்கர் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. அதன் கையொப்பமிட்ட பிரதிகள் இந்தத் தீவில் அவ்வப்போது தென்படுகின்றன. ஆனால் நான் பார்த்தவை யாவும் பிந்தைய மெல்லட்டைப் பிரதிகளே. கையொப்பம் இருப்பதால் ஒரு பிரதி முதற் பதிப்பாகிவிடுவதில்லை என்பதை நண்பர்களிடம் அடிக்கடி சொல்ல வேண்டியிருக்கிறது. ஆங்கிலப் புத்தகங்களில் பதிப்பு விவரங்கள் அச்சிட்ட இம்ப்ரின்ட் பக்கத்தின் அடியில் 10 முதல் 1 வரை எண்கள் வரிசையாக இருந்தால், ஒவ்வொரு மறு அச்சுக்கும் ஓர் எண் நீக்கப்படுவதால், எஞ்சியிருக்கும் மிகச் சிறிய எண்தான் எத்தனையாவது அச்சு என்பதைச் சொல்கிறது. 1 இருந்தால் முதல் அச்சு. அமெரிக்காவின் ரேண்டம் ஹவுஸ் நெடுங்காலம் இதற்கு விலக்காக, முதற் பதிப்பு என்ற சொல்லோடு 2இல் முடியும் வரிசையை அச்சிட்டு வந்தது.

இந்தக் கடையின் உண்மையான செல்வம் மலேசியத் தமிழ் நூல்களில் இருக்கிறது. நம் எழுத்தாளர்களில் பலர் தம் நூல்களைத் தாமே அச்சிட்டு, மண்டபங்களில் வெளியீட்டு விழா நடத்தி, வந்தவர்களுக்குக் கையொப்பமிட்டுக் கொடுத்தவர்கள். பெரும்பாலான நூல்கள் மறுபதிப்புக் காணவே இல்லை. ஆகவே முதற் பதிப்பும் கையொப்பமும் நாளும் இடமும் ஒரே பக்கத்தில் கிடைக்கும் வாய்ப்பு, சென்னை நாவல்களைவிட நம் நூல்களில் மிகுதி. கோலாலம்பூரில் டான் ஸ்ரீ சோமா அரங்கத்தில் கையொப்பமிட்டதாக ஆசிரியரே குறித்திருக்கும் இரண்டு நாவல்கள் எனக்கு இங்குதான் கிடைத்தன. மூத்த ஆசிரியர்களின் வீடுகள் காலி செய்யப்படும்போது, பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாத நிலையில், அந்த நூல்கள் பெட்டி பெட்டியாக இந்த மாடிக்கு வருகின்றன. அந்த வருத்தத்தோடுதான் நான் ஒவ்வொரு பெட்டியையும் திறக்கிறேன்.

சென்ற ஆண்டு அத்தகைய பெட்டி ஒன்றிலிருந்து, தோட்டப்புற வாழ்க்கையை எழுதிய ஒரு நாவலின் முதற் பதிப்பு கிடைத்தது. அதன் முதல் வெற்றுத் தாளில், தம்மை எழுதத் தூண்டிய பள்ளி ஆசிரியருக்கு நன்றி சொல்லி நூலாசிரியர் ஏழு வரிகள் எழுதியிருந்தார். அந்த ஆசிரியரின் குடும்பத்தார் இத்தீவிலேயே வாழ்வதால் பெயர்களைத் தவிர்க்கிறேன். வெறும் கையொப்பத்தைவிட இத்தகைய பிரதியைத்தான் நான் உயர்ந்ததாகக் கருதுகிறேன். நூல் யாரால் பிறந்ததோ அவர் கையிலேயே இருந்த பிரதி அது. விலை கேட்டபோது கடைக்காரர் 25 ரிங்கிட் என்றார். அதன் மதிப்பு அதைவிட அதிகம் என்று சொல்லி 60 கொடுத்தேன். "பேர் எழுதுன புத்தகம்னா எல்லாரும் அழுக்கு ஆயிடுச்சுன்னு குறைச்சுக் கேப்பாங்க, நீங்கதான் கூடக் குடுக்குறீங்க ஐயா" என்று அவர் வியந்தார். இந்த மனப்போக்கினால்தான், எழுத்துள்ள முதல் தாளை அழகுக்காகக் கிழித்துவிட்டு விற்கும் பழக்கமும் வேறு இடங்களில் இருந்திருக்கிறது. "பாய், இனிமேல் எந்தப் புத்தகத்திலும் அந்தத் தாளைத் தொடாதீர்கள்" என்று கேட்டுக்கொண்டேன். அவர் தொடுவதில்லை.

கையொப்பத்தைச் சோதிப்பதற்கு அவர் கடையின் மேசை விளக்கு போதும். தாளைச் சாய்த்துப் பிடித்துப் பின்புறத்தைப் பார்த்தால், பந்துமுனைப் பேனா அழுத்திய தடம் மேடாகத் தெரியும். அச்சிட்ட கையொப்பத்தில் அது இருக்காது. ஊற்றுப்பேனா மையாக இருந்தால் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் நிறம் கூடியிருக்கும்.

குறைகளும் உண்டு. விலைச்சீட்டை மேலுறையின் மீதே ஒட்டுகிறார். எடுக்கும்போது வண்ணமும் சேர்ந்து உரிகிறது. ஆங்கில முதற் பதிப்புகளின் மதிப்பில் பெரும்பங்கு மேலுறைக்கே உரியது என்பதால் இதைப் பலமுறை எடுத்துச் சொன்னேன். இப்போது எனக்காக ஒதுக்கும் நூல்களில் மட்டும் பென்சிலால் எழுதுகிறார். கிழிந்த முதுகை ஒளிபுகும் ஒட்டுநாடாவால் ஒட்டுவது அதைவிடப் பெரிய பிழை. அந்தப் பசை சில ஆண்டுகளில் பழுப்பேறித் தாளுக்குள் இறங்கிவிடும். பிறகு எவராலும் அதை முழுமையாக நீக்க முடியாது. அலமாரியின் கீழ்த்தட்டு ஈரம் கோக்கிறது. பாச்சை உருண்டையின் நெடி புத்தகத்தை விட்டு நீங்க வாரக்கணக்காகிறது. இங்கே வாங்கிய எதையும் நான் நேரே என் அலமாரியில் சேர்ப்பதில்லை. இரண்டு வாரம் மூடிய பெட்டியில் தனியே வைத்து, வெள்ளிப்பூச்சி இல்லையென்று உறுதிசெய்த பின், தூரிகையால் தூசு தட்டி, மேலுறைக்குப் பாலியெஸ்டர் தாளால் உறை போட்டு வைக்கிறேன். நம் தீவின் ஈரக்காற்றில் இதைச் செய்யாதவர்கள் பழுப்புப் புள்ளிகளைத்தான் சேகரிப்பார்கள்.

விலைகள் நேர்மையானவை. தமிழ் நாவல்கள் 10 முதல் 40 ரிங்கிட்டுக்குள் அடங்குகின்றன. கையொப்பத்துக்கென்று அவர் தனியே கூட்டுவதில்லை. பேரம் பேசலாம், ஆனால் தமிழ் நூல்களுக்கு நான் பேசுவதில்லை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் செல்வது நல்லது. கையில் சிறு விளக்கும் உலர்ந்த துணியும் கொண்டு செல்லுங்கள். கீழே ஊறுகாய் வாங்குவதாக இருந்தால் திரும்பி வரும்போது வாங்குங்கள்.

சென்ற வாரம் மேல்தட்டில் ஓர் உள்ளூர்ச் சிறுகதைத் தொகுப்பைக் கண்டேன். முதற் பதிப்பு, பச்சைக் காலிகோ துணிக் கட்டுமானம், தலைப்புப் பக்கத்தில் நீல மையில் ஆசிரியரின் கையொப்பம். அது என்னிடம் ஏற்கெனவே இருப்பதால் விட்டு வந்தேன். வாங்க விரும்புகிறவர்கள் நூலோடு பிழைதிருத்தச் சீட்டையும் கேட்டுப் பெறுங்கள்; அது ஒட்டப்படாமல் தனியே செருகப்பட்டது, காற்றில் பறந்துவிடும் என்று அவர் அதை மேசை இழுப்பறையில் எடுத்து வைத்திருக்கிறார்.